தூக்கிச் செல்லப்பட்ட வித்வான்

மேலக்கோட்டை அரண்மனையில் ஏகாம்பர வித்வான் என்று ஒருவர் இருந்தார். படிப்பு கொஞ்சம், தலைப்பாகை பெரிது. ராஜாவின் பட்டப்பெயர்கள் நூற்றெட்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்க ஒரு பள்ளி வைத்தார். வேறு பாடமே கிடையாது. இரண்டே மாதத்தில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பள்ளியைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா? உட்கார்ந்து சட்டம் எழுதினார்.

'கோட்டைக்குள் வாழும் எவரும் பதினாறு வயதுவரை இப்பள்ளியில் பயின்று, படிப்பை முடித்ததற்கு விடுகை ஓலை பெற வேண்டும். ஓலை இல்லாதவர் எந்த வயதினராயினும் மாணவரே. வீட்டில் கற்றது செல்லாது. வராதவரை நால்வர் தூக்கி வருக.'

ராஜா வழக்கம்போல் படித்துப் பார்க்காமல் முத்திரை வைத்தார்.

முதலில் அகப்பட்டவள் பன்னிரண்டு வயதுப் பூங்காவனம். அவள் அம்மா செங்கமலம் கோட்டையின் எலும்பு வைத்தியச்சி. மகளை வித்வானிடம் காட்டச் சபைக்குத் தூக்கி வந்த நால்வருக்குப் பின்னாலேயே அவளும் ஓடி வந்தாள்.

"எனக்குக் கை நடுங்குது மகாராஜா. எல்லாத்தையும் வீட்டுலயே சொல்லிக் குடுத்துட்டேன், இப்ப கட்டுப் போடுறது முழுக்க இவதான். நாலு வருஷம் இவளை அங்க உட்கார வெச்சா நாங்க எப்படிப் பொழைக்கிறது?"

பள்ளி வாசலை மிதிக்காதவள் தொட்டால் எலும்பு கூடுமா என்று வித்வான் இளித்தார். ராஜாவும் கொட்டாவி விட்டபடி தலையாட்டினார்.

ராஜாவின் விகட மந்திரி தாண்டவராயனுக்கு இது பொறுக்கவில்லை. இந்த மனிதருக்கு ஒரு பள்ளி, அதற்கு ஒரு சட்டம், அதற்கு ஒரு முத்திரை வேறு. ஆனாலும் குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டான்.

"வித்வான் அவர்களே, தாங்கள் எந்தப் பள்ளியில் பயின்றீர்கள்?"

"பள்ளியா? அதெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. என் தகப்பனார் எனக்கு வீட்டிலேயே கற்பித்தார்."

தாண்டவராயன் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். வீட்டில் கற்றது செல்லாது. விடுகை ஓலையும் இவரிடம் இல்லை. எந்த வயதானாலும் மாணவர்தான் என்று இவரே எழுதியிருக்கிறார். இன்று இவர் பள்ளிக்குப் போகவில்லை என்பதைச் சபையே பார்க்கிறது என்றான்.

ராஜாவுக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. அடுத்தவர் அவதியில் அவருக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு. "சட்டம் சட்டம்தான். தூக்குங்கள்" என்றார்.

நால்வரும் பூங்காவனத்தை இறக்கிவிட்டு வித்வானைத் தூக்கினார்கள். அவர் கையைக் காலை உதறினார், திமிறினார். முதலில் தலைப்பாகை உருண்டது, பின்னாலேயே அவரும் விழுந்தார். வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. போட்ட கூச்சலில் பட்டத்து யானையே மிரண்டது.

பூங்காவனம் பதறி ஓடினாள். தாண்டவராயன் குறுக்கே நின்றான்.

"பொறு தாயே. நீ வீட்டில் கற்றவள், உன் வைத்தியம் செல்லாது. வித்வான் அவர்களே, நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். ஓலை வாங்கியதும் வந்து பார்ப்பாள்."

"செல்லும்! வீட்டில் கற்றது செல்லும்!" என்று அலறினார் வித்வான்.

பூங்காவனம் அவர் அக்குளில் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்து நிதானமாக இழுத்தாள். மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டத்தைக் கிழித்தெறியச் சொல்லிவிட்டு, என்ன பரிசு வேண்டும் என்று தாண்டவராயனைக் கேட்டார்.

"ஓர் எழுத்தாணியும் வெற்று ஓலையும் போதும் அரசே" என்ற தாண்டவராயன், இரண்டையும் வித்வானிடம் நீட்டினான். "கை சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? பூங்காவனத்துக்கு ஒரு விடுகை ஓலை எழுதுங்கள்."