ஆமா போட்ட பெட்டி

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் நடுநடுவே ஒரு ஆமா போட்டுக்கொண்டிருங்கள், எனக்கு அது போதும். ஏனென்றால் ஆமா போடுவதுதான் என் தொழில்.

வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். அண்ணாவி நடுவில் உட்கார்ந்து, வில்லை வீசுகோலால் தட்டி, "அந்த ராசாவுக்குப் பிள்ளையில்லை" என்று பாடுவார். பக்கத்தில் ஒருத்தன் "ஆமா!" என்பான். அந்த ஒருத்தன் நான், கொம்பையா. எங்கள் அண்ணாவி சுயம்புலிங்கம். குடம் அடிப்பது ஆவுடையப்பன், உடுக்கை மாசானம். நாலு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. உள்ளே இருப்பது மட்டும் பிறந்தபோது வைத்தபடியே, கை படாமல் இருக்கிறது.

ஊசிப்பனங்குளத்து அம்மன் கோவில் திருவிழாவில், அதாவது கொடையில், வருஷா வருஷம் எங்கள் பாட்டுதான். இந்தத் தடவை கோவில் கமிட்டித் தலைவர் தங்கராசு புதிதாக ஒன்று சொன்னார்.

"மேலூர் வில்லுப்பாட்டுக் கூட்டத்துக்காரன் பாட்டைப் பதிவு பண்ணிக் குடுத்திருக்கான். நீங்களும் வீட்ல பதிவு பண்ணிக் குடுங்க. ரெண்டையும் கேட்டுட்டுத்தான் கமிட்டி முடிவு பண்ணும்."

அண்ணாவிக்கு முகம் செத்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு கொடைதான். இதுவும் போனால் வில்லில் துணி காயப்போட வேண்டியதுதான்.

அவருடைய மருமகன் கோயம்புத்தூரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். போனில் பொறுமையாகச் சொன்னார்: "மாமா, ஒரு நல்ல கம்ப்யூட்டரா வாங்குங்க. காதை வச்சுக் கேளுங்க, உள்ளே விசிறி இரைச்சல் இருக்கக் கூடாது. முன்னால பாடிப் பாத்துட்டு வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் பெட்டி ஒரு ரூம்ல இருக்கட்டும், நீங்க வேற ரூம்ல இருங்க. புரிஞ்சுதா?"

"ஆமா!" என்றேன். போன் அண்ணாவி கையில்தான் இருந்தது.

பாடிப் பார்க்கச் சொல்லிவிட்டாரே. வில், குடம், உடுக்கை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வில் உள்ளே அடங்கவில்லை; ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியே போயிற்று. பக்கத்தில் வந்த இன்னொரு பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர் கம்பி என்று நினைத்து அதில் தன் பையை மாட்டிவிட்டார். அவர் வள்ளியூர் போனார். பை எங்களோடு திருநெல்வேலி வந்தது.

கடையில் வரிசையாகப் பெட்டிகள். நாலு பேரும் குனிந்து ஒவ்வொன்றிலும் காதை வைத்தோம்.

"இது உறுமுது," என்றார் மாசானம்.

"இதுக்கு மூச்சிரைப்பு," என்றார் ஆவுடையப்பன்.

கடைசியில் கண்ணாடி அலமாரியில் ஒரு பெட்டி. காதை வைத்தால் கப்சிப். அண்ணாவி கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "இதுதான் வே நம்ம பெட்டி" என்றார்.

கடைக்காரப் பையன் ஓடி வந்தான். "அண்ணாச்சி, அது வெறும் கூடு. காட்சிக்கு வச்சிருக்கோம். உள்ள ஒண்ணுமே கிடையாது."

நாங்கள் கூடிப் பேசினோம்.

"உள்ள ஒண்ணும் இல்லங்கானே," என்று மாசானம் இழுத்தார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் குடத்துக்குள்ள மட்டும் என்ன வே இருக்கு? வெறும் குடம்தானே பேசுது? நிரப்பிட்டு அடிச்சுப் பாரும், தெரியும்."

"நியாயம்," என்றார் அண்ணாவி.

அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்து அந்தக் கூட்டுக்கு முன்னால் பாடிப் பார்த்தோம். அது இருமவில்லை, கொட்டாவி விடவில்லை, பாதியில் எழுந்து போகவில்லை. அப்படி ஒரு சபை எங்களுக்கு வாய்த்ததே இல்லை. அண்ணாவிக்குக் கண் கலங்கிவிட்டது.

பையன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ஏதோ தோன்றி, "சரி அண்ணாச்சி, உள்ள சாமானெல்லாம் நானே போட்டுத் தரட்டுமா?" என்றான்.

"ஆமா!" என்றேன்.

"மெமரி கூட்டிப் போடவா?"

"ஆமா!"

"மைக்கு? பிரிண்டர்? வாசலுக்குக் கேமரா?"

"ஆமா! ஆமா! ஆமாமா!"

நான் என்ன செய்வேன்? யாராவது ஒரு வாக்கியத்தை இழுத்து நிறுத்தினால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அண்ணாவி பாய்ந்து என் வாயைப் பொத்துவதற்குள் அவர் வருஷமெல்லாம் சேர்த்த பணம் பில்லில் ஏறிவிட்டது.

"கொடை மட்டும் கிடைக்கல," என்றார் பஸ்ஸில், "அந்தப் பிரிண்டர் மேலேயே உம்மை வச்சு அமுக்கிருவேன் வே."

ஊருக்கு வந்ததும் அடுத்த சிக்கல். அண்ணாவி வீட்டில் இருப்பதே ஒரு ரூம். பெட்டியை அதில் வைத்துவிட்டு எல்லாரும் அடுத்த தெருவில் மாசானம் வீட்டுக்குப் புறப்பட்டோம்.

"மைக்கை எடுத்துட்டுப் போவமா?" என்றேன்.

"ஒண்ணா வந்ததுங்க. தாயையும் பிள்ளையையும் பிரிக்கச் சொல்லுதீரா?" என்றார் மாசானம்.

"அப்ப பொத்தானை அமுக்க இங்க ஒரு ஆள் வேணுமே?"

"கொம்பையா இருக்கட்டும்," என்றார் ஆவுடையப்பன். "பாடுறவங்கதானே பெட்டியோட இருக்கக் கூடாது? இவரு போடுற ஆமா எல்லாம் ஒரு பாட்டா?"

அண்ணாவி யோசித்துவிட்டு, "இல்ல," என்றார். இத்தனை வருஷம் நான் பாடகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தெருவில் அவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனால் கதை மனப்பாடம் ஆயிற்றே! மனசுக்குள் ஓட்டி, அந்தந்த இடம் வரும்போது மைக்கில் "ஆமா!" போட்டேன். பதிவைக் கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். மருமகன் பாடிப் பார்க்கத்தான் சொன்னார்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். அதோடு ஒரே ரூமில் இருக்கக் கூடாதல்லவா, பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்து ஜன்னலோரம் நின்றோம்.

பெட்டி ஓடியது. சத்தமே இல்லை.

"என்னய்யா, இது ஓடுதா?" என்றார் தங்கராசு.

"ஆமா!" என்றது பெட்டி.

தலைவர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பேசுறது அதுக்குக் கேக்குதோ?"

"ஆமா!"

"அப்ப, போன வருஷக் கணக்கெல்லாம் சரிதானே?"

"ஆமாமா!"

தலைவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இவ்வளவு நல்ல உறுப்பினர் அந்தக் கமிட்டியில் இருந்ததே கிடையாது. "சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வருஷமும் சுயம்பு அண்ணாவியையே கூப்பிடலாமா?"

பெட்டி பேசவில்லை. கதையில் ராணி காட்டுக்குள் போகிற இடம். அங்கே எனக்கு ஆமா கிடையாது.

"பதிலைக் காணோமே. மேலூர்க் கூட்டத்தைக் கூப்பிட்டுரலாமா?"

"ஆமா!"

அது பெட்டி இல்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து நான்.

அண்ணாவி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "தலைவரே, அது பெட்டி சொல்லல! இந்தக் கூமுட்டை சொன்னது!"

தங்கராசு பெட்டியின் பக்கம் மரியாதையாகத் திரும்பினார். "அப்படியா? மேலூர்க்காரனைக் கூப்பிடுறதுல உமக்குச் சம்மதம் இல்லையா?"

ராணி காட்டைவிட்டு வெளியே வந்தாள்.

"ஆமா!" என்றது பெட்டி.

கொடை எங்களுக்கே கிடைத்தது. ஆனால் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க பாடுங்க. ஆமா மட்டும் பெட்டி போடட்டும். இந்த ஆளை நம்ப முடியாது."

கொடையன்று என் இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. அதற்கு என் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். சூடானால் இரைச்சல் போடுமாம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசும் வேலை எனக்கு. அதே கதை, ஒரு இடம் தப்பாமல் ஆமா போட்டது. மங்களம் பாடி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

தங்கராசு தட்டில் வேட்டி, வெற்றிலை பாக்கோடு வந்தார். பெட்டிக்கு முன்னால் வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெட்டியே இவ்வளவு நல்லாப் போடுதே. இனிமே நீர் எதுக்கு வே, தண்டமா?"

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். கரண்ட் இல்லை, பாவம், அதனால் வாய் திறக்க முடியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்காக நானே சொன்னேன்:

"ஆமா!"