முதலைப் படம் முந்தட்டும்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. இது அருவிக்கரைக் கதை. இரைச்சலில் தள்ளி இருக்கிறவங்களுக்குக் காது கேட்காது.

அருவிக்குக் கீழே ஒரு மடு. மடுவில் ஒரு முதலை. இன்றைக்கு இந்தக் கரையோரம் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும், நாளைக்கு அந்தக் கரையோரம். கத்திச் சொன்னால் யாருக்குக் கேட்கும்? அதனால் மலை உச்சியிலிருந்து நாரை அது கிடக்கும் இடத்தைத் தேக்கிலையில் படமாக வரையும். எறும்புகள் அதை உச்சியிலிருந்து தொங்கும் ஒற்றைக் கொடி வழியாகச் சுமந்துபோய்க் கரைப் பாறையில் ஒட்டும். பாறையைப் பார்த்துவிட்டுத்தான் யாரும் தண்ணீரில் வாய் வைப்பார்கள்.

ஒருநாள் மேற்பார்வைக்கு மயில் வந்தது.

"வெறும் முதலைப் படமா? பாறை அழுது வடியுது! என் தோகைப் படம் போகட்டும். பாறைக்குப் பின்பக்கம் ஒட்டப் பூப்படங்களும் போகட்டும். எல்லாம் ஒண்ணாக் கிளம்புங்க!"

"கொடி ஒண்ணுதானே, மயிலண்ணே?" என்றது பக்கத்தில் இருந்த ஓணான்.

"உனக்குத் தலையாட்டத்தான் தெரியும். ஆட்டு!"

ஓணான் ஆட்டவில்லை.

தோகைப் படம் முறம் அகலம். அது முன்னால், பூக்கள் நடுவில், முதலை கடைசியில். பாதிக் கொடியில் தோகை சிக்கிக்கொண்டது. எறும்பு மேல் எறும்பு! ஒன்றும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மான் குட்டியோடு வந்தது. வெறும் பாறை!

"அம்மா, நாக்கு வறளுதே!"

"பொறு கண்ணு, படம் வரட்டும்."

வரவில்லை. 'படம் இல்லைன்னா முதலையும் இல்லை போல' என்று நினைத்து, தாய் மான் தன் குட்டியை முன்னே விட்டது.

மேலே இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"அய்யய்யோ! மான் நிற்கிற கரையோரம்தான் முதலை கிடக்குது!" என்று நாரை அலறியது. மயிலின் தோகை தானாகச் சுருங்கியது.

ஓணான் கொடியில் பாய்ந்தது. தோகைப் படத்தைப் பிடுங்கி அருவியில் வீசியது.

"ஐயோ, என் படம்!"

"பூவெல்லாம் ஒதுங்கு! பாறைக்குப் பின்னால யாராவது எட்டிப் பார்த்தா அப்போ வா! முதலைப் படம், முன்னால ஓடு!"

படம் பாறையில் ஒட்டியது. மான் கடைசியாக ஒருமுறை திரும்பியது. பார்த்தது. பதறிப்போய்க் குட்டியின் வாலைக் கவ்வி இழுத்தது. தண்ணீர் பிளந்தது. முதலை கடித்தது வெறும் காற்றை!

"அப்போ என் தோகை?" என்று மயில் முனகியது.

"தண்ணிக்கு வர்றவங்க முதல்ல குடிச்சு நிமிரட்டும். பிறகு வரும், சின்னதா!" என்றது ஓணான்.

அன்றிலிருந்து ஓணான் கொடியின் முனையில் உட்கார்ந்துகொண்டது. முதலைப் படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவற்றுக்குத் தலையாட்டியது.

கண் முதலில் தேடுவதை முதலில் அனுப்பாதவன், எத்தனை அழகை அனுப்பினாலும் வெறும் பாறையைத்தான் காட்டுவான்.