மூச்சு முட்டிய திராட்சை

அறுபத்தொரு வயதில் ஒரு மனுஷர் சிஷ்யனாகச் சேர்ந்தார் என்றால் நம்புவீர்களா? சேர்ந்தார். பெயர் ஆவுடைநாயகம். முப்பத்து நாலு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு, அவர் தெருவிலேயே இருந்த பால்வாடியின் டீச்சர் செண்பகவடிவு. வயது முப்பதைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பால்வாடிச் சமையலறையிலிருந்து 'ஹோ'வென்று ஒரு கூச்சல் வரும். ஒரு நாள் சார் எட்டிப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் துளிச் சுண்ணாம்பைக் கலக்கிச் சிவப்பாக்கிவிட்டு, பன்னிரண்டு வாண்டுகளும் குதித்துக்கொண்டிருந்தன. அவர் வகுப்பில் கேட்டதெல்லாம் கொட்டாவிச் சத்தம்தான். பொறாமையாக இருந்தது.

"டீச்சர், இந்த வித்தையை எனக்கும் சொல்லித் தரணும்."

"வாங்க சார். பாத்திரம் கழுவ ஆள் இல்ல."

மூன்று வாரம் கழுவினார். நாலாவது வாரம், "இன்னைக்கு நீங்களே நடத்துங்க" என்றார் டீச்சர்.

சார் கண்ணாடி டம்ளரில் கோலி சோடாவை ஊற்றி, பாயசத்துக்குப் போடும் காய்ந்த திராட்சையை அதில் போட்டார். திராட்சைகள் அடியில் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வந்தவை திரும்பக் கீழே போயின. மறுபடி மேலே வந்தன.

"ஏன் மேலே வருது? சொல்லுங்க பாப்போம்."

இசக்கி என்று ஐந்து வயசுக் குட்டி ஒருத்தி. வாய் ஓயாது. முதல் ஆளாகச் சொன்னாள்.

"உள்ள அதுக்கு மூச்சு முட்டுது சார். அதான் மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போகுது."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். "அசடே, திராட்சை எங்கேயாவது மூச்சு விடுமா?" என்று ஆரம்பித்து, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். ஒரு பிள்ளை தூங்கிவிட்டது. இசக்கி தண்ணீர்க்குடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளியும் அங்கேயேதான் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்த அன்றைக்குக்கூட எழுந்து வரவில்லை.

கூட்டிப்போக வந்த அவள் அம்மா சாரிடமே சொன்னாள். "வீட்லயும் ஊமைச்சாமியாட்டம் இருக்கா சார். என்னட்டின்னு கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது, சொன்னா சார் சிரிப்பாருங்கா."

அன்றைக்குச் சாருக்குச் சோறு இறங்கவில்லை. நான் அறிவியல் சொல்லிக் கொடுக்கப் போனேனா, ஒரு பிள்ளையின் வாயை அடைக்கப் போனேனா என்று கிடந்து புழுங்கினார். மறுநாள் காலையிலேயே டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"நான் சொன்னது சரிதானே டீச்சர்? தப்பாச் சொல்ற பிள்ளைகிட்ட, சரியானதை எப்பத்தான் சொல்றது?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு கோலி சோடா வாங்கிட்டு வாங்க சார்" என்றார் டீச்சர்.

வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் ஒரு பெரிய கருப்பட்டித் துண்டை எடுத்து நீட்டினார்.

"வாயில ஒதுக்கிக்கோங்க. கடிக்கக் கூடாது. இது கரையற வரைக்கும் பேச்சு கிடையாது."

சாரின் ஒரு கன்னம் புடைத்துக்கொண்டது. பிள்ளைகள் விழுந்து புரண்டு சிரித்தன. குடத்துக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது.

டீச்சர் முதல் சோடாவை ஊற்றித் திராட்சையைப் போட்டார். டம்ளரோடு குடத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இசக்கி, மூச்சு முட்டித்தான் மேல வருதுன்னு சொன்னியே. எனக்கும் அதே யோசனைதான். மூச்சே விடாத ஒண்ணை உள்ள போட்டா என்ன ஆகும்?"

இசக்கி சாரைப் பார்த்தாள். சாரால் சிரிக்கவும் முடியாது, பேசவும் முடியாது. மெல்லச் சொன்னாள்.

"மேல வராது."

"எதைப் போடலாம்?"

எழுந்து ஓடினாள். முறத்தில் அரிசியிலிருந்து பொறுக்கி வைத்திருந்த கல்லில் ஒன்றை எடுத்துவந்தாள். "கல்லு மூச்சு விடாதுல்லா?" போட்டாள். கல் அடியில் உட்கார்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேலே வரவே இல்லை.

"பாத்தியளா! நான் சொன்னம்லா!"

பன்னிரண்டு பிள்ளைகளும் கை தட்டின. சாருக்கு உயிரே போய்விட்டது. அடக் கடவுளே, தப்பு நிரூபணமாகிவிட்டதே! சாயந்திரம் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போய்த் திராட்சைக்கு நுரையீரல் இருக்கிறது என்று சொல்லுமே! கண்ணாலேயே டீச்சரிடம் கெஞ்சினார்.

"அப்படித்தான் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, டீச்சர் அடுப்பிலிருந்த சத்துமாவுக் கஞ்சியைக் கிண்டப் போய்விட்டார்.

கருப்பட்டியின் கடைசித் துளி தொண்டையில் இறங்கியது. இனிமேல் பேசலாம். சார் வாயைத் திறந்தார். எதிரே இசக்கியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

இசக்கிக்கு அதோடு விட மனசில்லை.

"பாவம் டீச்சர் இது. சோடா சுருசுருன்னு இருக்குல்லா, அதான் ரொம்ப முட்டுது. நல்ல தண்ணியில விடுவோம்."

ஒரு திராட்சையைக் கரண்டியால் எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டாள். அது அடியில் போய்ப் படுத்தது. மூச்சு விட மேலே வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. டம்ளரை ஒட்டி மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா?" உதடு பிதுங்கியது.

சார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இசக்கி அதை அவசரமாக எடுத்தாள். "சார், அந்தச் சோடாவை உடைங்க!" அவர் உடைத்து ஊற்றினார். திராட்சையைப் போட்டாள். கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மேலே வந்தது.

இப்போது அவள் கத்தவில்லை. மூணு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டீச்சர், இது மேலெல்லாம் குட்டிக் குட்டிக் காத்துமுட்டை ஒட்டுது. அதுதான் இதைத் தூக்கிட்டு வருது. மேல வந்ததும் முட்டை உடைஞ்சிருது, இது விழுந்துருது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "மூச்சு திராட்சைகிட்ட இல்ல. சோடாகிட்ட இருக்கு."

சொல்லிவிட்டு நேரே சாரிடம் வந்தாள். அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், சோடாவுக்குள்ள இந்த மூச்சை யாரு பிடிச்சு அடைச்சா?"

முப்பத்து நாலு வருஷத்தில் மாணவர்கள் அவரைக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: 'இது பரீட்சைக்கு வருமா சார்?' சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனாலும் பயமாக இருந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் கஞ்சியை இறக்கிவைத்தார்.

"அவளே கேட்டுட்டாள்ல சார். இப்பச் சொல்லுங்க."