கயிறு பிடிக்கிறவன்

மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிப் பட்டியலை இணையத்தில் உறுதி செய்தாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ரதீஷ் தன் பட்டியலோடு நஞ்சன் சாரைத் தேடி வந்தான். கோத்தகிரிச் சரிவில் இருக்கும் அந்தக் குறும்பர் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர்தான்.

சார் பட்டியலைப் பார்த்தார். பையன் எடுத்திருக்கும் மதிப்பெண்ணுக்குச் சென்னையில் பெரிய கல்லூரியே கிடைக்கும். ஆனால் முதலிடத்தில் மலையடிவாரத்துச் சின்னக் கல்லூரி இருந்தது. அவன் ஆசைப்பட்ட விலங்கியல் அங்கே கிடையாது.

"உனக்கென்ன கிறுக்கா?"

"தேன் சீசன்ல ஓடி வந்துரலாம் சார். மச்சானுக்குக் கயிறு நான்தானே புடிக்கணும்?"

பாறைத் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு, மனைவியின் உடன்பிறந்தவன்தான் மேலே நின்று கயிறு பிடிப்பான். அக்காளைக் கைம்பெண்ணாக்க எந்தத் தம்பியும் துணிய மாட்டான் என்ற நம்பிக்கை. ரதீஷின் அக்காவுக்கு அவன் ஒருவனே தம்பி.

"நானும் எங்க மச்சானுக்குக் கயிறு புடிச்சவன்தான். சென்னையில இடம் கிடைச்சதும் அவரை ஒரு வார்த்தை கேட்காம பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"அப்புறம் யார் சார் புடிச்சாங்க?"

"யாரும் இல்ல. மூணு வருஷம் அவர் இறங்கவே இல்ல. எஸ்டேட் கூலிக்குப் போனார். போற வழியில நின்னு, பாறையில தொங்குற தேனடையைப் பார்த்துட்டுப் போவாராம். நான் படிச்சு முடிச்சு பஸ்ஸை விட்டு இறங்கினா, தோள்ல கயித்தோட நிக்கிறார். 'வா, போலாம்'னார். அவ்வளவுதான். என்ன சிரிப்புடா அது! இன்னொரு தடவை பார்க்க மாட்டோமான்னு இருக்கு."

சாரின் மச்சான் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ரதீஷ் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அப்ப நான் போட்டிருக்கறது சரிதானே சார்?"

"உங்க மச்சான் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட சொல்லவே இல்ல சார். சொன்னா 'நீ சென்னைக்குப் போ'ம்பார்."

நஞ்சன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ரெண்டரைதான் ஆகுது. தோட்டத்து வேலையிலதானே இருப்பார், போயி அவரைப் பார்த்துக் கேளு. எங்க மச்சானும் 'போ'ன்னுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல நான்தான் அவரை விடல."