அக்கரைக் கண்ணாடி

"கட்டையச் சுமந்துக்கிட்டு வர்றது, காலை ஊன்றிப் பாக்கறது, திரும்பறது. இதுக்கா மாஸ்டர் நான் திண்டுக்கல்லேருந்து வந்தேன்?"

பிலோமினா நேற்றும் இதைத்தான் சொன்னாள். முந்தாநாளும். ஒரு சொல் மாறவில்லை.

எத்திராஜ் வேலூர்க்காரர். பட்டாளத்தில் பனிச்சறுக்கு கற்று, ஓய்வு பெற்றதும் இமயமலையிலேயே தங்கிவிட்டவர். அவளைவிடப் பத்து வயது இளையவர். சறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, சரிவின் ஓரத்தில் பூட்ஸ் காலை ஊன்றினார்.

முழங்கால் வரை இறங்கியது.

"திரும்பலாம்க்கா."

அவளுக்கு அழுகையே வந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் எதிரே விரிந்து கிடந்தது அந்த வெள்ளை. ஆறாம் வகுப்பில் சிஸ்டர் மாட்டிவைத்த காலண்டரில் பார்த்த வெள்ளை. வேர்த்து ஒழுகியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, பிள்ளைகளைக் கரையேற்றி, மூட்டு தேய்ந்து, ஐம்பதாவது வயதில் இங்கே வந்து நிற்கிறாள். நாளை ஒரு காலைதான் மிச்சம். அப்புறம் ரயில்.

"எனக்குக் கணுக்கால்தான் இறங்குது. நீங்க கனம்."

"ராத்திரி எப்படித் தூங்கினீங்க?"

"சுகமா. கம்பளியே வேண்டியிருக்கல."

"அதான்."

"என்ன அதான்? பாதியில முழுங்காதீங்க."

"மேகம் மூடிக்கிச்சு. பகல்ல உருகினது ராத்திரி இறுகல. இப்ப வெயில் ஏறினா மேல இருக்கறது மொத்தமும் சரிஞ்சு வரும்."

பாறையோரத்திலிருந்து பனி உருண்டை ஒன்று கழன்றது. உருண்டு, பெருத்து, அவர்கள் முன்னால் வந்து நின்றது.

"இத்தனூண்டு உருண்டைக்கா பயம்?"

எத்திராஜ் பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்தார். திரும்பும் முன் தினமும் எடுப்பார்.

"ஆரம்பிச்சாச்சா! இந்த மொகத்தை அது எத்தனை நாள்தான் தாங்கும்?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வெயிலில் பிடித்து மெல்லச் சாய்த்தார்.

மற்ற நாளெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று பார்த்தாள்.

பள்ளத்துக்கு அக்கரையில் நாலைந்து கூரைகள். ஒன்றின்மேல் வெளிச்சம் மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது.

"யாரது?"

"வீட்டுக்காரி. அது அவ ஊரு. பனி விழறதுக்கு முன்னாடி நான் வேலைக்கு இறங்கினேன். அதுக்கப்புறம் வழி மூடிடுச்சு."

"போன் பண்றதுதானே?"

"டவர் இல்லக்கா. மாசி வரைக்கும் தினமும் ஒரு தரம்தான் மினுக்கும். ஒருநாள் ரெண்டு தரம் மினுக்குச்சு. அன்னைக்குத்தான் குழந்தை பொறந்ததே எனக்குத் தெரியும். அதுலேருந்து தினமும் ரெண்டு தரம்."

பிலோமினா அந்தக் கூரையையே பார்த்தாள்.

"ஆணா, பெண்ணா?"

"கண்ணாடி அதெல்லாம் சொல்லாது."

"வேற வழியே கிடையாதா?"

எத்திராஜ் மோவாயால் காட்டினார். அக்கரைக்குப் போகவும் அதே சரிவுதான்.

"எத்தனை தடவை இங்க வந்து திரும்பியிருக்கீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்து உள்ளே வைத்தார்.

"வெயில் ஏறுது. வாங்கக்கா."

இறங்கும்போது அவள் அந்தப் புகாரைச் சொல்லவில்லை.

சாயங்காலம் விடுதிக்காரர் தேநீரும் இன்னொரு கம்பளியும் கொடுத்தார். கம்பளியை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். குளிர் என்றாலே ஊரைக் கூட்டுகிறவள். கணவாய்ப் பக்கமிருந்து மேகம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

இடுப்பில் கைவைத்து அண்ணாந்தாள். பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் வானத்திடம் சொன்னாள்.

"இத பாரு. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் குளிரேன். எலும்பு நடுங்கக் குளிரேன்."