யானை சுற்றாத தோட்டம்

கொட்டாங்குறிச்சியில் புத்தி இல்லாதவர் என்று யாருமே கிடையாது. எல்லோரிடமும் இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அரண்மனை மணியக்காரர் ஒரு பெண் யானையோடு அந்த ஊருக்கு வந்தார்.

"ராஜாவின் சாப்பாட்டுச் செலவுக்கு இங்கே நிலம் ஒதுக்க வேண்டும். வழக்கப்படி யானையை அவிழ்த்து விடுகிறேன். அது எதைச் சுற்றி வருகிறதோ அது ராஜாவுக்குச் சொந்தம். யாரும் யானையைத் தொடக்கூடாது, விரட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சத்திரத்தில் போய்ப் படுத்துவிட்டார்.

அந்த ஊர்க் குருவம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு வாழைத்தோட்டம். அது போனால் அடுப்பு எரியாது.

யானை தெருவைப் பார்த்தது. கோயிலைப் பார்த்தது. பிறகு நேராகக் குருவம்மாவின் தோட்டத்துக்குள் போய், நட்டநடுவில் நின்று, முதல் குலையைப் பிடுங்கியது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"பொறு தாயி" என்றார் நாட்டாமை சுடலையாண்டி. வேலியோரம் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். "யானை தோட்டத்தைச் சுத்துச்சா?"

"இல்ல மாமா, நின்னு திங்குது" என்றான் குருவம்மாவின் புருஷன் இருளப்பன்.

"யானையைச் சுத்தி என்ன இருக்கு?"

"தோட்டம்."

"அப்ப எது எதைச் சுத்தியிருக்கு?"

"தோட்டம்தான் யானையைச் சுத்தியிருக்கு!"

"ராஜாவோட யானை சுத்துனா நிலம் ராஜாவுக்கு. குருவம்மாவோட தோட்டம் சுத்துனா யானை குருவம்மாவுக்கு. நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயம்தானே!"

ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். குருவம்மாவுக்கும் கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் மூன்று வரிசை வாழை காலி.

"என் யானை என் தோட்டத்தைத் திங்குதே, யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

"தோட்டத்துக்காரிகிட்டச் சொல்லு" என்றான் இருளப்பன்.

சேதி கேட்டு ராஜாவே வந்துவிட்டார். ராஜாவை அதுவரை பார்த்திராத சனம் நாலு பக்கமும் நெருக்கியடித்து நின்று வாயைப் பிளந்தது. நாட்டாமை சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"அடேய், சுத்திட்டோம்டா! ராஜா நம்ம ஊருச் சொத்தாயிட்டாரு!"

"ஐயையோ, யானைக்கே கட்டுப்படியாகல, இவரு எவ்வளவு சாப்பிடுவாரு?" என்று அலறினாள் குருவம்மா.

"விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு" என்றார் சத்திரத்திலிருந்து எழுந்து வந்திருந்த மணியக்காரர், பழக்க தோஷத்தில்.

அவள் ராஜாவின் காலில் விழுந்தாள். "சாமி, கோவிச்சுக்காதீங்க. உங்களை வச்சுப் பராமரிக்க எங்களுக்கு வசதி பத்தாது. போயிருங்க!"

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தோட்டம் உனக்கே அம்மா. நானும் யானையும் போகிறோம். வழி விடுங்கள்."

"சும்மா எப்படி விடறது? சுத்துனதைப் பிரிக்கணுமே" என்றார் நாட்டாமை.

ஊரே ராஜாவைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்து, உருண்டு, எழுந்து, மறுபடியும் நடந்தது. நடுவில் கிடைத்த சந்தில் புகுந்து ராஜா யானை மேல் ஏறிக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் இருளப்பன் தலையைச் சொறிந்தான். "மாமா, ஒரு சுத்து கூடுதலாப் போயிருச்சே. பிரிச்சதுக்கு மேலயும் பிரிச்சிட்டோம்."

"அப்படின்னா?"

"சுத்துனதுக்கு ஒரு ராஜா வந்தாரு, கூடுதலாப் பிரிச்சதுக்கு அரண்மனைக்கு நாமதான் ஒரு ராஜா குடுக்கணும்."

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "சரி, ஊர்ல யாருக்குப் பசி அதிகம்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. குருவம்மா இரண்டு கையையும் தூக்கினாள். இனி எந்த யானை எதைச் சுற்றினாலும் நிலம் ராஜாவுக்குத்தானே? தானே ராஜா ஆகிவிட்டால் தோட்டம் வேறு எங்கே போகும்? யோசித்துப் பார்த்த ஊர் அவளையே ராஜாவாக்கியது.

"எல்லாஞ் சரி, ராஜான்னா ஒரு யானை வேணுமேடி?" என்றான் இருளப்பன்.

குருவம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புழுதி பறந்த பாதையில் ஓட்டமாய் ஓடினாள்.

"சாமீ! யானையை மட்டும் விட்டுட்டுப் போங்க! தோட்டத்துல இன்னும் ரெண்டு வரிசை மிச்சமிருக்கு!"