முதலாளி கையால் முதல் பாட்டு

நாமக்கல் பட்டறைக்குள் லாரி முதலாளி ராக்கியண்ணன் நுழைந்தால் ஸ்பேனர்கூடச் சத்தம் போடாது.

"பாட்டு போட்டா சப்வூஃபர் ஊரையே அதிரவைக்கணும். ஃப்யூஸ் அடிக்கடி போகுது. அதைத் தூக்கிப்போட்டு பேட்டரியிலிருந்து நேரா ஒயர் இழுடா!"

இழுத்தால் ஒயர் சூடேறிப் பற்றும். ராத்திரி கேபினில் தூங்கும் டிரைவர் வெந்துபோவான். மாட்டேன் என்றால் முதலாளி தோலை உரிப்பார். ஒயர்மேன் சென்னியப்பன் ஒயரை எடுத்தான்.

சொன்னபடியே செய்து முடித்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தான்.

"முதல் பாட்டு முதலாளி கையாலதானுங்க. ஏறி உட்காருங்க."

சொல்லிவிட்டு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"மணல் எதுக்குடா?"

"எனக்குப் பயமுங்க."

படியில் வைத்த கால் இறங்கியது.

"எனக்கென்னடா பயம்? டிரைவருக்காகச் சொல்றேன், ஃப்யூஸைப் போட்டுடு!"

அந்தக் குரல் எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து வந்தது.